சாயம் வேரிலிருந்து வராது

சம்மதப் படிவம் மூன்று நாளாக ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் பால் எடுக்கப் போனால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வலது கைப் பெருவிரலின் மேல் பாதியை மூட்டோடு எடுத்துவிடச் சம்மதம் என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. வியாழக்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் அடுத்த செவ்வாய் அறுவை. கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அதற்கடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்று திங்கள்.

கத்திரி அக்கா கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜைத் திறப்பாள், பாலை எடுப்பாள், கதவை அறைந்து சாத்துவாள். காந்தம் தெறித்து விழும். கணவர் குனிந்து எடுத்துப் படிவத்தைத் திரும்ப ஒட்டுவார்.

"அந்தக் கதவு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நான் மட்டும் என்ன பண்ணினேன்?"

அவர் படிவத்தின் மடிப்பை நீவிவிட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் கத்தினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து அடக்கிவிடுவார். வீட்டில் அந்தப் பார்வை எடுபடாது என்று அவருக்குத் தெரியும்.

கத்திரி அக்கா என்பது தெரு வைத்த பெயர். பத்தொன்பது வருஷமாகப் பெண்களுக்கு முடி வெட்டும் கடை நடத்துகிறாள். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி, ஒரு கழுவுதொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி. கோபம் வந்தால் அவள் கத்துவதில்லை. கத்திரியைக் காற்றில் நாலு தரம் வெட்டுவாள். சக், சக், சக், சக். அந்தச் சத்தம் கேட்டதும் நாற்காலியில் இருப்பவர் தலையை நிமிர்த்திவிடுவார், கையில் இருக்கும் போன் பைக்குள் போய்விடும். கத்திரியின் ஒரு வளையத்தில் மோதிர விரல் இருக்கும், அது அசையாது. இன்னொன்றில் பெருவிரல். அசைவதெல்லாம் அந்த ஒன்றுதான். வெட்டு என்பதே பெருவிரலின் வேலை.

பயாப்ஸி எடுத்த நாளிலிருந்து அந்த விரலில் கட்டு. அதனால் கோபத்தைக் காற்றில் வெட்டித் தீர்க்கவும் வழியில்லாமல் போயிற்று. அது உள்ளேயே கிடந்து புளித்தது.

பார்க்க வருகிறவர்கள் அதில் எண்ணெய் ஊற்றினார்கள். "நகத்துல வந்ததுக்கா இவ்வளவு?" என்றாள் ஒருத்தி. "தைரியமா இருக்கணும், பாதி நோய் மனசுலதான்" என்றாள் இன்னொருத்தி. "அப்ப மனசையே வெட்டச் சொல்றேன். விரல விட்ருவாங்க" என்றாள் கத்திரி அக்கா. வந்தவள் பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டாள்.

கோடு முதலில் தெரிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பெருவிரல் நகத்தின் நடுவில், அடியிலிருந்து நுனி வரை, பேனாவால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அவள் விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். தலைச்சாயம் பூசும்போது கையுறை போடு என்று டப்பா மேல் எழுதியிருக்கிறது. அவள் போடுவாள், பாதியில் கழற்றிவிடுவாள். ரப்பரில் முடி சிக்கி இழுக்கிறது, இருப்பவருக்கு வலிக்கிறது என்பாள். நகக்கண்ணில் சாயம் ஒட்டுவதும், பற்பசையைத் தேய்த்து அதைப் போக்குவதும் இராத்திரி பல் தேய்ப்பது போல ஒரு வழக்கம். மற்ற விரல்களில் போனது. பெருவிரலில் மட்டும் போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள்.

ஒரு வருஷம் கழித்துத் தெருமுனை டாக்டரிடம் காட்டினாள். குடும்பத்துக்கே அவர்தான் டாக்டர். மகளுக்குத் தடுப்பூசி போட்டவர். அவர் மனைவி மாதம் தவறாமல் கடைக்கு வந்து வேருக்குச் சாயம் வைத்துக்கொள்கிறவர். டாக்டர் விரலைப் பிடித்து ஒரு விநாடி பார்த்தார், விட்டார். "நாள் பூரா சாயத்துல கைய வச்சுக்கிட்டு, கறுப்பா இருக்குன்னா எப்படிம்மா? கூடவே கொஞ்சம் பூஞ்சையும் இருக்கலாம்" என்று சிரித்தார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் அந்தக் களிம்பைப் பூசினாள். கோடு அகலமாயிற்று. நகம் பிளந்தது. நகத்தின் அடியிலிருந்த தோலுக்கும் கறுப்பு இறங்கியது. அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து வெகு நேரம் பார்த்தார், யாரையோ கூப்பிட்டுக் காட்டினார். பதினாலு நாளில் முடிவு வந்தது. மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் வரும் புற்று.

"நம்ம நிறத்துக்கு இதெல்லாம் வராதுன்னுல்ல சொல்லுவாங்க?" என்று கேட்டார் கணவர்.

"உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி. இந்த இடங்கள்ல எல்லா நிறத்துக்கும் வரும்" என்றார் தோல் டாக்டர். "வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அன்றிலிருந்து படிப்பை விட்டுவிட்டு இதையே படித்தாள். ஒரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் என்ன, அக்குளில் முதல் நெறிக்கட்டியை எடுத்துப் பார்த்து அது பரவியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள், எல்லாம். கத்திரி அக்கா ஒன்றரை மில்லிமீட்டரைச் சீப்பின் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இவ்வளவுதானா? வாடிக்கையாளர்கள் கணக்கில்கூட எடுத்துக்கொள்ளாத அளவு. இதற்கா அரை விரல்?

அந்தக் கேள்வியைத்தான் போன வெள்ளிக்கிழமை சர்ஜனிடம் கேட்டாள். சர்ஜன் சின்ன வயசுப் பெண். முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நுனியெல்லாம் வெடித்துக் கிடந்ததைக் கத்திரி அக்கா உட்காரும் முன்பே பார்த்துவிட்டாள்.

"ஒன்றரை மில்லிமீட்டர்தானேம்மா. அத மட்டும் சுரண்டி எடுத்துட முடியாதா?"

"நகத்துக்கு அடியில உடனே எலும்பு. நடுவுல இடமே இல்ல. தெரியிற இடத்தோட நிறுத்தினா, தெரியாதது உள்ள நிக்கும். நல்லா இருக்கிற பகுதியையும் சேத்துத்தான் எடுக்கணும்."

"கொஞ்சமா எடுக்கலாம்ல? நீங்க மனசு வச்சா முடியாதா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே காது சுட்டது. இந்த வசனத்தை அவள் பத்தொன்பது வருஷமாகக் கேட்டு வருகிறாள். இடுப்பு வரை முடி, கீழே நாலு விரல் அளவுக்கு வெடிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவுடன் சொல்வார்கள், அக்கா, கொஞ்சமா வெட்டுங்க, நுனி மட்டும். அவளும் சொல்வாள், வெடிப்புக்கு மேல அரை இன்ச் சேத்து வெட்டினாத்தான் நிக்கும், இல்லன்னா அது மேல ஏறிக்கிட்டே போகும். அவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். இவள் காற்றில் நாலு தரம் வெட்டுவாள்.

இப்போது நாற்காலியில் இவள். எதிரில் கத்திரி பிடிப்பவள் வேறொருத்தி. அது புரிந்தது ஆறுதலாக இருந்ததா என்றால் இல்லை. முடி வளரும். படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, "உன் முடியில ரெண்டு இன்ச் எடுக்கணும்மா, பாத்துக்க" என்றாள். சர்ஜன் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமைக்கு வருவோம். காந்தத்தைக் கணவர் ஒட்டியதும் அவள் கடைக்குப் போனாள். வெட்ட முடியாவிட்டாலும் நாற்காலியைத் துடைக்கலாம். சாயம் வைக்கிற வேலையை இப்போது நாத்தனார் பார்த்துக்கொண்டாள். கணவரின் தங்கை, அண்ணியிடமே தொழில் கற்றவள், வாய் மட்டும் சொந்தச் சரக்கு. அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். போன மாதம் வேறு கடையில் பூசிய சாயம் வீணாகிவிட்டது, வேரில் திரும்ப வெள்ளை வந்துவிட்டது, மட்டமான சாயம் போல என்று குறைப்பட்டாள்.

நாத்தனார் சீப்பின் நுனியால் வகிடு எடுத்தபடி சொன்னாள். "சாயம் மட்டம் இல்லங்க. முடி வளந்திருக்கு. பூசினது அப்படியே கீழ எறங்கிப் போயிரும். வேர்ல இருந்து வர்றது உங்க சொந்த நிறம். சாயம் என்னைக்கும் வேர்ல இருந்து வராது."

அது கத்திரி அக்காவின் வாக்கியம். சொல்லுக்குச் சொல் அவள் கற்றுக்கொடுத்தது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலேயே நின்றது.

நகமும் வளர்கிறது. மாதத்துக்கு நாலு தரம் அவளே வெட்டுகிறாள். சாயம் ஒட்டியிருந்தால் அது நுனிக்கு ஏறி, ஆறே மாதத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்க வேண்டும். இந்தக் கோடு இரண்டு வருஷம் அசையாமல் நின்றது. அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கடையில் தரை கூட்டினாலே போதும்.

"அண்ணி, என்னாச்சு? முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?"

அவள் துணியைத் தொட்டியில் எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். தெருமுனைக்கு இருநூறு அடி. நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே நினைவில்லை.

டாக்டரின் அறையில் நோயாளி ஒருவரும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காரும்மா. கேள்விப்பட்டேன். ரொம்ப—"

"உக்கார வரல. சாயம் வேர்ல இருந்து வருமா?"

"என்னது?"

"கேக்குறேன்ல. உங்க வீட்டம்மா பன்னெண்டு வருஷமா என்கிட்ட வர்றாங்க. மாசா மாசம் எதுக்கு வர்றாங்க? வேர்ல வெள்ளை வருதுன்னு. பூசின சாயம் வேர்லயே நின்னா எதுக்கு வரணும்? நகத்துல ஒரு வருஷம் நின்ன கறுப்ப எப்படி சாயம்னு சொன்னீங்க? ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா? கைய வச்சு என் தொழிலப் பாத்துட்டீங்க. விரலப் பாக்கல!"

அவள் குரல் வெளியே காத்திருப்பு நாற்காலிகள் வரை போனது. பத்தொன்பது வருஷத்தில் அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. டாக்டரின் காது சிவந்தது. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார், வைத்தார். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். தப்பு என்று ஒரு சொல். அதைக் கேட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "நான் சரியாப் பாத்திருக்கணும். ஒத்துக்கிறேன். ஆனா உள்ள வந்ததும் நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா? 'சாயம் போகவே மாட்டேங்குது டாக்டர், ஏதாவது களிம்பு குடுங்க'ன்னு கேட்ட. சாயம்னு முதல்ல சொன்னது நீதான்மா."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதே வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படித்தான் சொன்னாள். கடையில் ஆள் காத்திருந்தது.

ஒரு மன்னிப்போடு இத்தனை பெரிய முள்ளையும் சேர்த்துக் கொடுப்பான் மனுஷன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நான் முடி வெட்டுறவ. நீங்கதானே டாக்டர்?" என்றாள். அது நியாயமான கேள்விதான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரும்பி நடந்தாள். இது வரைக்கும் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இப்போது பாதியை வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

புதன் சாயங்காலம் கணவர் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது, சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, துண்டு விரித்து வைத்திருந்தாள். மேசையில் கத்திரி. பெருவிரலின் கட்டுக்கு மேல் சீப்பின் வாலை வைத்துப் பிளாஸ்திரியால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். மேல் மூட்டு மடங்காமல் குச்சி போல நின்றது.

"என்ன இது?"

"மூட்டுக்கு மேல ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கங்க. மிச்சம் இருக்கிற துண்டு வெட்டுமான்னு பாக்கணும். ஒரு தலை வேணும்."

அவர் தன் முடியைத் தொட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் தெருவிலேயே அடர்த்தியான முடி அவருடையதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. தினம் வேன் கண்ணாடியில் மூன்று தரம் சீவிக்கொள்வார்.

"என் தங்கச்சி தலை இருக்கே?" என்றார்.

"அவ நாளைக்குக் கடையில நிக்கணும்."

"நான் மட்டும் என்ன, வேன்ல படுத்துக்கிட்டா ஓட்டுறேன்?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார். "காத மட்டும் விட்ரு. கண்ணாடி மாட்டணும்."

வளையத்தை அடிக்கணுவில் மாட்டினாள். முதல் வெட்டில் கத்திரி திறக்கவே இல்லை. இரண்டாவதில் முடியைக் கவ்விக்கொண்டு இழுத்தது. "அம்மா!" என்று அலறினார் அவர். "சும்மா இருங்க" என்றாள். மூன்றாவது, நாலாவது, எல்லாம் கோணல். விரல்நுனி செய்கிற வேலையை மணிக்கட்டு செய்ய வேண்டியிருந்தது. தோள் வரை வலித்தது. ஒவ்வொரு கோணலுக்கும் அவள் ஒருவரைத் திட்டினாள். டாக்டரை, களிம்பை, "அத மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேனே, முட்டாள் சிறுக்கி" என்று தன்னை. "ஸ்கேன் எடுக்க எட்டு நாள், பாக்க நாலு நாள், இவங்க வீட்டு விரலா இருந்தா இப்படி விடுவாங்களா" என்று ஆஸ்பத்திரியை. திட்டு நீள நீள வெட்டு கொஞ்சம் சீரானது. கணவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அவள் பக்கம் சாய்த்தபடி, எல்லாத் திட்டுக்கும் "ஆமா" போட்டார்.

"அக்குள்ல எடுத்துப் பாத்து அங்கயும் போயிருக்குன்னா?" என்று திடீரென்று கேட்டாள். கத்திரி நின்றுவிட்டது. இத்தனை நாளில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"போயிருந்தா அடுத்து என்னன்னு பாப்போம். தெரியாம எதுக்கு... நீ வெட்டு. பாதித் தலையோட விட்றாத."

முக்கால் மணி ஆயிற்று. கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் மாடிப்படி. அவர் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு முப்பது பிள்ளைங்களும் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும்" என்றாள். பிறகு கத்திரியைக் காற்றில் வெட்டிப் பார்த்தாள். சக் என்று இல்லை, கரக் என்றது. ஆனால் திறந்தது, மூடியது. "வெட்டுது" என்றாள், அதையும் கோபமாகவே.

வியாழன் காலை பத்து மணிக்குக் கடையில் டாக்டரம்மாவின், அதாவது தெருமுனை டாக்டரின் மனைவியின், மாதாந்திர முறை. "வர மாட்டாங்க அண்ணி, வேணும்னா பந்தயம்" என்றாள் நாத்தனார். ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஒரு முழுத் தாள். கத்திரி அக்காவின் கையெழுத்து, எழுத்து ஒவ்வொன்றும் கொட்டை கொட்டையாக.

"சாயம் வேரிலிருந்து வராது. நகத்தின் அடியிலிருந்து கறுப்புக் கோடு வந்து, வளர்ந்தும் போகாவிட்டால் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சாயம் என்றால் வேறு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களே சாயம் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்."

"அண்ணி, அந்த மூணாவது வரிய மட்டுமாவது... அவங்க பன்னெண்டு வருஷக் கஸ்டமர்."

"நாலாவது வரி என்னைச் சொல்றது. அத எடுக்கச் சொல்லல பாத்தியா நீ?"

டாக்டரம்மா வந்தார். பந்தயம் தோற்ற நாத்தனார் சாயத்தைக் குழைத்தாள். வேருக்குப் பூசி, முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மணியைத் திருகி வைத்தாள். சாயம் பிடிக்கும் வரை எங்கேயும் எழுந்து போக முடியாது. எதிரே கண்ணாடி, கண்ணாடியில் தாள். டாக்டரம்மா படித்தார். ஒரு பத்திரிகையை எடுத்தார், மடித்து வைத்தார். திரும்பவும் படித்தார். மணி டிக் டிக் என்றது.

"மூணாவது வரி அவரத்தானே சொல்ற?"

"ஆமா."

டாக்டரம்மா தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "திங்கட்கிழமையிலேர்ந்து யார் வந்தாலும் கைய நீட்டச் சொல்லிப் பாக்குறார். இருமலுக்கு வந்தவங்களையும். நேத்து பால்காரன் மாட்டிக்கிட்டான்."

"பாக்கட்டும்" என்றாள் கத்திரி அக்கா. மன்னித்துவிட்டதாக அவள் குரலில் எதுவும் இல்லை. டாக்டரம்மாவும் அதைக் கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, நகப்பூச்சுப் போட்ட பத்து விரல்களையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "இத அழிக்கிற மருந்து இருந்தா கொஞ்சம் குடேன்" என்றார்.

நாத்தனார் பஞ்சையும் புட்டியையும் எடுத்து வந்தாள். கத்திரி அக்கா வாங்கிக்கொண்டு, தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு நகமாகத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியிலிருந்து நுனி வரை. எல்லாம் சுத்தம். "ஒண்ணும் இல்ல" என்று கையை விட்டாள்.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவர் வந்து நின்றார். தலையில் மாடிப்படி, அதற்கு மேல் ஒரு தொப்பி.

கத்திரி அக்கா பையிலிருந்து படிவத்தை எடுத்துச் சாயப் புட்டிகள் வைக்கும் தகரத் தள்ளுவண்டியின் மேல் விரித்தாள். நாலாக மடித்த தடம், மூலையில் காந்தத்தின் வட்டம். பேனாவைக் கட்டுப் போட்ட பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள். கையெழுத்துப் போட்டாள். கோடு முடிந்த பிறகும் நிறுத்தாமல், கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினாள்: கூடுதலாகவே வெட்டுங்கள், வேரை விட்டுவைக்காதீர்கள். கடைசி எழுத்தில் பேனா தாளைக் குத்திக்கொண்டு அடியிலிருந்த தகரத்தில் கீறியது.

"அண்ணி, தாள் கிழிஞ்சிருச்சு."

"படிக்க முடியுதில்ல?"

மணி அடித்தது. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அவள் நாத்தனாரிடம், செருப்பை மாட்டிக்கொண்டே. "அவங்களக் கழுவு. சாயம் கூடிப் போயிரும்."